ஒன்பதாம் வகுப்பில் ஒரு ‘சி’: கிரேடு, ஜிபிஏ, காலேஜ் அட்மிஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் தொடங்கிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் செப்டம்பர் வரை நிம்மதி இருக்கும். அக்டோபரில் முதல் புராக்ரஸ் ரிப்போர்ட் வந்ததும் அது போய்விடும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது பெற்றோர் என்னிடம் கேட்பதையும், அவர்கள் பிள்ளைகள் தனியாக வந்து கேட்பதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் இல்லை. மூத்தவளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, பத்தாவதில் இருக்கும் சின்னவனோடு இரண்டாவது சுற்றில் இருக்கும் அம்மா. பே ஏரியாவில் இருப்பதால் பதில்களில் கலிஃபோர்னியா வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும்.

ஆன்ட்டி, முதல் செமஸ்டரில் ஒரு பி, ஒரு சி வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி எல்லாம் அவ்வளவுதானா?

முதலில் ஒரு பேப்பரும் பேனாவும் எடு. வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர், செமஸ்டருக்கு ஆறு பாடம் என்று வைத்துக்கொண்டால், நாலு வருஷத்தில் உன் ட்ரான்ஸ்கிரிப்டில் (பள்ளி தரும் கிரேடு பட்டியலில்) மொத்தம் 48 கிரேடு இருக்கும். இப்போது வந்திருப்பது ஆறு. நாலு ஏ, ஒரு பி, ஒரு சி. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2. கூட்டினால் 21, ஆறால் வகுத்தால் ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, 3.5. உன் வயிற்றைக் கலக்குவது இந்த 3.5 தான்.

இனி வரும் 42 கிரேடும் ஏ என்று வைத்துப் போட்டுப் பார். மொத்தம் 189, அதை 48 ஆல் வகுத்தால் 3.94. எல்லாமே ஏ வரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். இன்னும் நாலு பி வந்தாலும் 3.85-க்குக் கீழே போகாது. ஆறு கிரேடு மட்டும் இருக்கும்போது ஒவ்வொன்றும் யானை கனம் கனக்கும். நாற்பத்தெட்டில் ஒன்றாகும்போது அந்தக் கனம் இருக்காது.

அதற்காக ஸ்டான்ஃபோர்ட் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்ட் கிடைக்காமல் போனால் அதற்கு இந்த சி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பது கீழே வருகிறது.

ஒன்பதாம் வகுப்பு மார்க்கைக் காலேஜ்கள் பார்க்குமா, பார்க்காதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

ஒவ்வொருவர் சொல்வதும் ஓரளவு உண்மை. இடத்துக்கு இடம் விதி வேறு.

யூசி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ, டேவிஸ், இர்வைன் என ஒன்பது இளங்கலை வளாகங்கள் இருக்கின்றன. இவர்கள் ஜிபிஏ கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு அந்த எண்ணுக்குள் வராது. ஏ மைனஸும் அவர்களுக்கு ஏ தான். பிளஸ், மைனஸ் கணக்கே கிடையாது.

இதைக் கேட்டதும், ‘அப்போ ஒன்பதாவது சும்மாவா’ என்று என் சின்னவன் குதித்தான். சும்மா இல்லை. யூசி கட்டாயமாகக் கேட்கும் ‘ஏ-ஜி’ பாடங்கள் (இது கிரேடு இல்லை, பாடப் பட்டியலின் பெயர்) மொத்தம் பதினைந்து. ஆங்கிலம் நாலு வருஷம், கணக்கு குறைந்தது மூன்று வருஷம், ஒரே வெளிமொழி இரண்டு வருஷம் என்று நீளும் பட்டியல் அது. அதில் ஒன்பதாவதில் எடுக்கும் பாடங்களும் உண்டு, அவற்றில் சி-யாவது வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளையும் நீயேதான் டைப் செய்வாய். படிப்பவர் கண்ணில் அது படும், ஜிபிஏ என்ற எண்ணில் மட்டும் சேராது.

டெக்சஸ் போனால் கதையே வேறு. அங்கே 1997-ல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம். ஆஸ்டினில் இருக்கும் யூடி-க்கு (யூனிவர்சிட்டி ஆஃப் டெக்சஸ்) மட்டும் தனி வரம்பு உண்டு. அது 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களிலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. ரேங்க் என்று வந்துவிட்டால் ஒன்பதாவதின் முதல் செமஸ்டரிலிருந்தே எண்ணுவார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம் வீடுகளில் ஃப்ரெஷ்மன் (ஒன்பதாம் வகுப்பு) வருஷப் பதற்றம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான், அது வெறும் பயமில்லை. அங்கேயும் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த 5 சதவீதம் யூடி-யில் இடம் தரும், கேட்ட மேஜர் (முதன்மைப் பாடம்) தராது. கம்ப்யூட்டர் சயன்ஸுக்குத் தனியாகப் போட்டி.

தனியார் காலேஜ்களில் பெரும்பாலானவை நாலு வருஷத்தையும் பார்க்கும். ஆனால் பள்ளியிலிருந்து போகும் கூட்டு ஜிபிஏ எண்ணோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். ட்ரான்ஸ்கிரிப்டை வரிவரியாகப் படிப்பார்கள். ஒன்பதாவதில் சி, பத்தாவதில் பி பிளஸ், பதினொன்றாவதில் அதைவிடக் கடினமான பாடத்தில் ஏ என்று ஏறுமுகமாக இருந்தால் அது நல்ல கதை. ஏ-யில் தொடங்கி பதினொன்றாவதில் பி, சி என்று இறங்கினால், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. இரண்டு பிள்ளைகளுக்கும் கூட்டு எண் ஒன்றாகவே இருக்கலாம், படிப்பவருக்கு ஒன்றாகத் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜிபிஏ 4.6 என்கிறார்கள். 4-க்கு மேல் எப்படிப் போகும்?

அது வெயிட்டட். ஏபி (காலேஜ் தரத்தில் நடத்தப்படுபவை), ஹானர்ஸ் (சாதாரண வகுப்பைவிடக் கடினமானவை) பாடங்களுக்குப் பல பள்ளிகள் அரை அல்லது ஒரு பாயிண்ட் சேர்த்துக் கொடுக்கும். ஏபி-யில் ஏ வாங்கினால் 5. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாகச் சேர்ப்பதால், இந்தப் பள்ளியின் 4.6-ஐ அந்தப் பள்ளியின் 4.3-ஓடு ஒப்பிடுவது படியையும் லிட்டரையும் ஒப்பிடுவது மாதிரி. காலேஜ்களுக்கும் இது தெரியும். பல இடங்களில் தங்கள் முறைப்படி திரும்பக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். யூசி-யில் கூடுதல் பாயிண்டுக்கு எட்டு செமஸ்டர் என்று உச்சவரம்பே உண்டு.

வாட்ஸ்அப் குரூப்பில் எண்ணைப் போடுபவர்கள் வெயிட்டடா இல்லையா என்று ஏனோ சொல்வதில்லை.

ஹானர்ஸில் பி வாங்குவது நல்லதா, சாதாரண வகுப்பில் ஏ வாங்குவது நல்லதா?

இந்தக் கேள்விக்கு அட்மிஷன் அதிகாரிகள் கூட்டங்களில் ‘ஹானர்ஸில் ஏ வாங்குவதுதான் நல்லது’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

என் கருத்து இது. உன் கவுன்சிலர் விண்ணப்பத்தோடு ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்று ஒன்று அனுப்புவார். உங்கள் பள்ளியில் எத்தனை ஏபி இருக்கிறது, கிரேடுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். உன்னை அந்தப் பள்ளிக்குள் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஐந்தே ஏபி இருக்கும் பள்ளியில் நாலு எடுத்தவர், இருபத்தைந்து ஏபி இருக்கும் பள்ளியில் நாலு எடுத்தவரைவிடக் கடினமான பாதையில் போனவர். மிகக் கடினப் போட்டியுள்ள காலேஜ்களைக் குறிவைத்தால், கிடைக்கும் கடினமான பாடங்களில் கணிசமானதை எடுத்தாக வேண்டும்.

ஆனால் எல்லாம் ஒன்பதாவதிலேயே வேண்டியதில்லை. மூத்தவள் ஒன்பதாவதில் பயாலஜி ஹானர்ஸ் எடுத்தாள், காரணம் அவள் தோழிகள் எடுத்தார்கள். லேப் ரிப்போர்ட் எழுதத் தெரியாது. ‘கன்க்ளூஷன்’ என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: எங்கள் ஹைபோதிஸிஸ் சரி. டீச்சர் சிவப்புப் பேனாவில் ‘எப்படித் தெரியும்?’ என்று மட்டும் கேட்டிருந்தார். நாலு ரிப்போர்ட்டிலும் அதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அவள் கற்றுக்கொள்ள ஒரு செமஸ்டர் ஆனது, அந்த செமஸ்டர் சி பிளஸ். இரண்டாவது செமஸ்டரில் பி பிளஸ். பதினொன்றாவதில் ஏபி பயாலஜியில் ஏ. அந்த சி பிளஸ் வந்திருக்காவிட்டால் பின்னால் அந்த ஏ வந்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு பாடம் பிடித்திருந்து ஹானர்ஸில் பி வருகிறது என்றால் இரு. தினமும் அழுகை, மற்ற ஐந்து பாடமும் சேர்ந்து சாய்கிறது என்றால் கீழே இறங்கு. பள்ளிகள் அதற்கென்று ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும். அதற்குப் பிறகு விட்டால் ட்ரான்ஸ்கிரிப்டில் பாதியில் விலகியதைக் காட்டும் ‘டபிள்யூ’ விழலாம், அதனால் தேதியை முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்.

89.6-ல் நிற்கிறது. டீச்சரிடம் போய் ரவுண்ட் பண்ணச் சொல்லலாமா?

கேட்கலாம், ஆனால் அதற்கு முன்னால் அந்த 89.6 எங்கிருந்து வந்தது என்று பார். அநேகமாகத் தேர்விலிருந்து வந்திருக்காது.

டெஸ்ட் 80 சதவீதம், ஹோம்வொர்க் 20 சதவீதம் என்று வைத்துக்கொள். டெஸ்ட் சராசரி 92. ஹோம்வொர்க் முழுதாகக் கொடுத்திருந்தால் 73.6, அதோடு 20, மொத்தம் 93.6, கேள்விக்கே இடமில்லாமல் ஏ. பத்து ஹோம்வொர்க்கில் இரண்டு கொடுக்காமல் பூஜ்யம் விழுந்தால் அந்த 20 பதினாறாகிவிடும். 73.6-ம் 16-ம் 89.6. இப்போது பி பிளஸ். அடுத்த டெஸ்டில் எத்தனை எடுத்தாலும் அந்த நாலு பாயிண்டை மீட்பது லேசில்லை. ஃப்ரெஷ்மன் வருஷத்தில் நான் பார்த்த பி-களில் முக்கால்வாசி, பாடம் புரியாததால் வந்தவை அல்ல. செய்து பைக்குள்ளேயே வைத்திருந்து அப்லோட் செய்ய மறந்த ஹோம்வொர்க்கால் வந்தவை.

அதனால் டீச்சரிடம் போகும்போது ‘ரவுண்ட் பண்ணுவீர்களா’ என்று கேட்காதே. ‘இந்த இரண்டையும் இப்போது கொடுத்தால் பாதி மார்க்காவது உண்டா? மூன்றாவது யூனிட்டில் இந்தக் கணக்கு எனக்கு ஏன் தப்பாகிறது?’ என்று கேள். செமஸ்டரின் கடைசி வாரத்தில் கேட்காமல் ஐந்தாவது வாரத்தில் கேள். மதிய இடைவேளையிலோ ட்யூட்டோரியல் நேரத்திலோ நேரில் போ. அம்மாவை ஈமெயில் அனுப்பச் சொல்லாதே. மூன்று வருஷம் கழித்து ரெக்கமண்டேஷன் லெட்டர் எழுதுவது பெரும்பாலும் பதினொன்றாவது டீச்சர்கள்தான், ஆனாலும் டீச்சரிடம் நேரில் போய்க் கேட்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடு.

(பெற்றோரிடமிருந்து) பள்ளியின் போர்ட்டலில் கிரேடு தினமும் மாறுகிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் இருந்த வியாதி இது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. மூத்தவளின் ஜியாமெட்ரி 94-லிருந்து 71. மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குப் போய் செருப்பைக் கூடக் கழற்றாமல் அவளைப் பிடித்து உலுக்கினேன். டீச்சர் டெஸ்டைத் திருத்துவதற்கு முன்னால் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகப் பதிவு செய்திருந்தார், அவ்வளவுதான். மறுநாள் 93. அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டேன். ஞாயிறு மாலை, டீ போட்டு வைத்துக்கொண்டு, அவளே லேப்டாப்பைத் திறந்து காட்டுவாள். ‘மிஸ்ஸிங்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். பத்து நிமிஷம். மற்ற ஆறு நாளும் ஆப்பைத் திறப்பதில்லை. இரண்டு முறை மீறியிருக்கிறேன்.

இந்த சி-யை அழிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. டி அல்லது எஃப் வந்தால் பல பள்ளிகள் திரும்ப எடுக்க விடும். யூசி-யும் டி, எஃப் வந்த பாடத்தைத் திரும்ப எடுத்தால் புதிய கிரேடை ஏற்கும். சி வந்த பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் அதை யூசி கணக்கில் எடுக்காது. ஆகவே சி வந்தால் அடுத்த பாடத்துக்கு நகர், டி வந்தால் கோடையிலேயே கவுன்சிலரைப் பிடித்துச் சரி செய். கணக்கிலும் வெளிமொழியிலும் அடுத்த லெவல் இதன்மேல்தான் நிற்கிறது என்பதால் அவற்றில் டி-யை விட்டுவைக்கவே கூடாது.

வெளிமொழி என்றதும் ஒரு விஷயம். சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் தமிழை வேர்ல்ட் லாங்வேஜ் கிரெடிட்டாக ஏற்கின்றன. உங்கள் டிஸ்ட்ரிக்ட் ஏற்கிறதா என்று ஒன்பதாவதிலேயே கேட்டுவிடுங்கள். பன்னிரண்டாவதில் வந்து கேட்டுக் கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளப், வாலண்டியரிங், போட்டி... ஒன்பதாவதில் எத்தனை வேண்டும்?

எண்ணிக்கை யாரும் கேட்பதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலேஜ்கள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து கட்டம்தான். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, வார்த்தைகூட இல்லை. பத்தையும் நிரப்பாதவர்கள் நல்ல காலேஜ்களுக்குப் போயிருக்கிறார்கள்.

ஒன்பதாவது மேய்ந்து பார்க்கும் வருஷம். ரோபோட்டிக்ஸுக்குப் போய்ப் பார், டிபேட்டுக்குப் போய்ப் பார், பிடிக்காததை விடு. பத்தாவது முடிவதற்குள் ஒன்றோ இரண்டோ கையில் ஒட்டிக்கொண்டால் போதும். கடையில் வேலை பார்ப்பது, தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து பார்த்துக்கொள்வது, பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போய் மொழிபெயர்ப்பது, இவையும் அந்தக் கட்டங்களில் எழுதக்கூடியவைதான். நம் பிள்ளைகள் இவற்றை எழுதவே மாட்டார்கள், ‘இதெல்லாம் ஒரு ஆக்டிவிட்டியா’ என்பார்கள்.

பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். பத்து வருஷம் ஆடியிருந்தால் அது பத்து வருஷ உழைப்பு, தாராளமாக எழுதலாம். காலேஜுக்காகவே பதினொன்றாவதில் அவசர அவசரமாக அரங்கேற்றம் வைத்து, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கார் விலை செலவழிப்பதைத்தான் நான் சொல்ல மாட்டேன். ஆடுபவளுக்கு ஆசை இருந்தால் வையுங்கள், அது அவள் மேடை.

எஸ்ஏடி-க்கு இப்போதே கோச்சிங் போட வேண்டுமா?

வேண்டாம். கோவிட் நேரத்தில் நிறையக் காலேஜ்கள் எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வைக் கட்டாயமில்லை என்றன. எம்ஐடி 2022-ல் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் 2024-ல் மீண்டும் தேர்வு மார்க் வேண்டும் என்று அறிவித்தன. யூசி, மார்க்கைக் கொடுத்தாலும் பார்ப்பதில்லை. நீ விண்ணப்பிக்கும்போது எது எப்படி இருக்குமோ. அல்ஜீப்ரா இரண்டு முடிவதற்கு முன்னால் உட்கார்ந்து பயிற்சி செய்வதில் பலனும் குறைவு. இப்போது செய்யக்கூடியது புத்தகம் படிப்பது மட்டுமே. எதையாவது, விருப்பப்பட்டதை.

எல்லாப் பாடத்திலும் ஏ, ஜிபிஏ 4.0. ஹார்வர்ட் கிடைக்குமா?

2024-ல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,000-க்கும் மேல். இடம் கிடைத்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு, நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. இந்த நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஹைஸ்கூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதல் மாணவர் மட்டும் விண்ணப்பித்தாலே பத்து ஹார்வர்ட் தேவைப்படும். 4.0 வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அங்கே ‘இல்லை’ என்றுதான் கடிதம் வருகிறது.

மேலே சொன்ன ‘ஏன்’ இதுதான். ஃப்ரெஷ்மன் சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாசலில் சாத்தியம் சிறியது. நூற்றுக்கு நாலு என்பதை வைத்து ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் நாலு வருஷத்தைத் திட்டமிடுவது எனக்குச் சம்மதமில்லை. விண்ணப்பிக்கட்டும், ஆனால் ஒன்பதாவதிலிருந்தே வீட்டில் அந்தப் பெயரைத் தினம் சொல்ல வேண்டாம்.

ஆசியப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கஷ்டமாமே?

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அட்மிஷனில் இனத்தை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஹார்வர்ட், நார்த் கரோலினா பல்கலைக்கழகங்களின் மேல் தொடுத்த வழக்குகள் அவை. ஹார்வர்ட் வழக்கில், ஆசிய மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பெண் குறைவாகப் போடப்பட்டது என்பது முக்கியமான வாதம். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 1996-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 209-வது முன்மொழிவின்படி இனம் முன்பே அளவுகோல் இல்லை. நடைமுறையில் இன்று நம் பிள்ளைகளுக்கு நேரும் சிக்கல் வேறு. ஒரே ஊரிலிருந்து, ஒரே பள்ளியிலிருந்து, நூறு பேர் ஒரே மாதிரி பாடம் எடுத்து ஒரே கம்ப்யூட்டர் சயன்ஸ் கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். உண்மையிலேயே பிடித்திருந்தால் டிக் அடிக்கட்டும். ‘வேறென்ன எடுப்பது’ என்று அடிப்பவர்கள்தான் அதிகம்.

நாங்கள் எச்-1பி வேலை விசாவில், பிள்ளை எச்-4 குடும்ப விசாவில். என்ன வித்தியாசம்?

கிரேடில் ஒன்றுமில்லை, பணத்தில் நிறைய. எச்-4 பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா (நிதியுதவி கேட்கும் விண்ணப்பம்) வழியான மத்திய அரசு நிதியுதவி கிடையாது. பல தனியார் காலேஜ்கள் இவர்களை வெளிநாட்டு மாணவர்கள் வரிசையில் வைக்கும். உள்ளூர்க் கட்டணம் கிடைப்பது மாநிலத்தைப் பொறுத்தது, பல மாநிலங்கள் தருகின்றன. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதாவது காலேஜ் நடுவில். ஒன்பதாவதில் பிள்ளையின் பி பிளஸ்ஸைப் பற்றி இரவு விழித்திருப்பதைவிட, இந்தக் கணக்கை ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் போட்டுப் பார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம். பதினேழு வயதில் திடீரென்று தெரிந்துகொண்ட ஒரு பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிரைவேட் காலேஜ் கவுன்சிலர் வைக்கலாமா?

ஒன்பதாவதில் வேண்டாம் என்பேன். பள்ளிக் கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை, நடப்பில் பல இடங்களில் அதைவிட மிக அதிகம். அதனால் அவரே உன்னைத் தேடி வர மாட்டார், நீதான் போக வேண்டும். செப்டம்பரில் ஒரு தடவை, பிப்ரவரியில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு தடவை. பணம் கொடுத்து ஆள் வைத்த ஒரு வீட்டில், ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு ‘பேஷன் ப்ராஜெக்ட்’ (மனதுக்குப் பிடித்த திட்டம்) என்று என்ஜிஓ ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தார்கள். வெப்சைட்டும் லோகோவும் வந்தன. அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

பெரிய பெயருள்ள காலேஜ் கிடைக்காவிட்டால் வாழ்க்கை என்ன ஆகும்?

இதைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி காலேஜ்களுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களை ஒப்பிட்டால், அதிகப் போட்டியுள்ள காலேஜில் சேர்ந்ததாலேயே பிற்காலச் சம்பளம் பெரிதாகக் கூடுவதில்லை என்று கண்டார்கள். ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது. 2023-ல் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் செய்த ஆய்விலும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் வருமானத்தில் உச்ச 1 சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு, ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் மாதிரியான இடங்களில் படித்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே ‘வித்தியாசமே இல்லை’ என்று நான் சொன்னால் பொய். ‘இல்லாவிட்டால் நாசம்’ என்பது அதைவிடப் பெரிய பொய்.

இன்னொரு வழியை நம்மவர்கள் தாழ்வாகப் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அங்கே இரண்டு வருஷம் குறைந்த செலவில் படித்து, சொன்ன பாடங்களைச் சொன்ன கிரேடில் முடித்தால், டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு யூசி வளாகங்கள் ட்ரான்ஸ்ஃபருக்கு உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ உத்தரவாதம் தருவதில்லை, ஆனால் நிறையப் பேரை எடுக்கின்றன. பட்டத்தில் ஹைஸ்கூல் கிரேடு எங்கும் அச்சாவதில்லை. ‘கம்யூனிட்டி காலேஜா?’ என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

இரவு ஒரு மணி வரை படிக்கிறேன். தூக்கம் வரவில்லை, வயிறு வலிக்கிறது.

பதின்ம வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் அறிவுரை. கலிஃபோர்னியாவில் 2022-லிருந்து பெரும்பாலான ஹைஸ்கூல்கள் காலை எட்டரைக்கு முன் வகுப்பைத் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த அரை மணியையும் இன்னொரு ஹோம்வொர்க்குக்குக் கொடுத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

வயிற்று வலி வாரக்கணக்கில் இருந்தால் அம்மா அப்பாவிடம் சொல், டாக்டரைப் பார். மனதுக்கு மிகவும் பாரமாக இருந்து வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 988 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம், டெக்ஸ்டும் அனுப்பலாம். எந்த நேரமும், இலவசமாக. பெற்றோரிடமும் சொல்கிறேன். பிள்ளை ‘பரவாயில்லை’ என்று சொல்லும் குரலைக் கவனியுங்கள். ஒரு பாடத்தைக் கைவிட்டால் அடுத்த செமஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் அந்த சி-யைப் பற்றி விளக்கம் எழுத வேண்டுமா?

வீட்டில் நோய், இடமாற்றம், மரணம் என்று நிஜமான காரணம் இருந்தால் கூடுதல் தகவல் பகுதியில் மூன்று வரி எழுதலாம், புலம்பாமல். காரணம் ‘லேப் ரிப்போர்ட் எழுதத் தெரியவில்லை’ என்பதாக இருந்தால் எழுதத் தேவையில்லை, அடுத்த வருஷக் கிரேடு அதைச் சொல்லிவிடும். மூத்தவள் அரைப் பக்கம் எழுதி, நாலு நாள் வைத்திருந்து, கடைசியில் அழித்துவிட்டாள். அவளுக்கு ஆறு காலேஜ் ‘இல்லை’ என்றது, ஐந்து ‘வா’ என்றது. ஒன்றுகூட பயாலஜியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஊரிலிருந்து தாத்தா போன் பண்ணி ‘கிளாஸில் எத்தனாவது ரேங்க்?’ என்று கேட்கிறார். என்ன சொல்வது?

எங்கள் வீட்டிலும் இதே கதை. ‘இங்கே பல பள்ளிகளில் ரேங்க்கே போடுவதில்லை, தாத்தா’ என்று சின்னவன் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். ‘ரேங்க் போடாத பள்ளிக்கூடம் என்னடா பள்ளிக்கூடம்’ என்றார் அவர். இப்போதெல்லாம் வீடியோ கால் வந்ததும் முந்திக்கொண்டு கெமிஸ்ட்ரி நோட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துவிடுகிறான். தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, கையெழுத்து சரியில்லை என்று கால் மணி நேரம் திட்டுகிறார். ரேங்க் மறந்துபோகிறது.